பெல்பாஸ்டில் ஒலித்த கிதார்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின உழைப்பாளிகள் தம் துயரத்தைப் பாடிய பாட்டு 'புளூஸ்' எனப் பெயர் பெற்றது. அது மின்கிதாரின் முழக்கத்தோடும் முரசின் விரைவோடும் கலந்தபோது 'புளூஸ் ராக்' பிறந்தது. அக்கலையில் புகழ் ஈட்டியவருள் ஒருவர் அயர்லாந்து நாட்டு ரோரி காலகர்.

1948-இல் பாலிஷானனில் பிறந்த அவர், கார்க் நகரில் வளர்ந்தார். 1963-இல், தம் 15-ஆம் வயதில், பிறர் வாசித்துக் கைமாறிய ஃபெண்டர் கிதார் ஒன்றை ஏறக்குறைய 100 பவுனுக்குத் தவணை முறையில் வாங்கினார். இறுதிவரை அதுவே அவருக்கு உற்ற துணை. வியர்வை பட்டுப் பட்டு அதன் வண்ணம் உதிர்ந்து மரம் வெளிப்பட்டது. 1966-இல் 'டேஸ்ட்' என்னும் குழுவை அமைத்தார். 1971 முதல் தம் பெயரிலேயே இசைத்தட்டுகள் வெளியிட்டார். பாடல்கள் பலவற்றைத் தாமே இயற்றினார்.

ஆயினும் நாம் அவரைப் போற்றுதற்குக் காரணம் வேறொன்று உண்டு. 1970-களில் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் குண்டுவெடிப்பும் கொலையும் மலிந்திருந்தன. இசைக்குழுக்கள் பல அங்கே செல்ல அஞ்சின. காலகரோ தொடர்ந்து சென்று வாசித்தார். வெளியே பகைத்து நின்ற இரு சமயப் பிரிவினரின் இளைஞரும் அரங்கினுள் ஒருங்கே கூடிக் கேட்டனர்.

கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பின் நேர்ந்த நோயால் 1995-இல், 47-ஆம் வயதில், அவர் மறைந்தார். 2024-இல் ஏலத்திற்கு வந்த அக்கிதார், அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்திற்கென வாங்கப்பெற்றது.

இசை அப்பகையைத் தீர்த்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பிறர் வர மறுத்த ஊருக்கு ஒரு கலைஞர் சென்றார். அதை நீங்கள் மனத்தில் கொண்டால் போதும்.