முதலீடு என்னும் சொல்

மாதேசுவரன் மலைக்கு அருகே தமிழ் வழங்கும் ஊர்களுள் ஒன்று மார்டள்ளி. அவ்வூர் அமைந்திருந்த கொள்ளேகாலம் வட்டம், 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைகள் மொழிவழி திருத்தப்படும் வரையில், சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். அதன்பின் மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் உள்ளது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். எல்லைக்கோடுதான் இடம் பெயர்ந்தது. எனவே அங்கே வீட்டில் பேசுவது தமிழாயினும், கையொப்பமிட வரும் தாளில் காண்பது பெரும்பாலும் கன்னடம். பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கும் இதே நிலைதான். பணத்தைப் பற்றிய சொற்களையேனும் இரு மொழியிலும் ஐயமின்றி அறிந்திருத்தல் நமக்கு நல்லது. அவற்றுள் முதலீடு என்பதை இன்று எடுத்துக்கொள்வோம்.

முதல், ஈடு என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்தது முதலீடு. முதல் என்றால் தொடக்கம்; அடி, வேர் என்றும் பொருள்படும். வாணிகத்திற்கு வேராக நிற்கும் கைப்பொருளையும் அச்சொல் குறித்தது. இவ்வழக்குப் புதியதன்று. திருக்குறளிலேயே முதலும் ஊதியமும் ஒருங்கே பேசப்படுகின்றன. வரப்போகும் ஆதாயத்தை எண்ணி உள்ள பொருளையும் இழக்கும் செயலில் அறிவுடையோர் இறங்கார் என்பது வள்ளுவர் கருத்து. உழவர் பேச்சிலும் அச்சொல் உயிரோடு இருக்கிறது. ‘போட்ட முதல்கூட வரவில்லை’, ‘முதலுக்கே மோசம்’ என்று நாம் கேளாத ஆண்டு உண்டா?

ஈடு என்பது இடு என்னும் வினையடியிலிருந்து வந்தது. கெடு என்பது கேடு என்றும், சுடு என்பது சூடு என்றும் ஆவது போல, இடு என்பது நீண்டு ஈடு ஆயிற்று. ஆகவே முதலை இடுதல் முதலீடு. ஆயினும் ஈடு என்னும் சொல் தனியே நிற்கும்போது வேறு முகம் காட்டும். நகையை ஈடு வைத்தோம் என்றால் அடகு வைத்தோம் என்று பொருள். இழப்பீடு என்பதில் அது கைம்மாறு ஆகிறது. ஈடு இணை என்பதில் ஒப்பு ஆகிறது. இட்ட பொருள் விதைபோல் முளைக்க வேண்டும் என்பது முதலீடு. இட்ட பொருள் கடனுக்குப் பிணையாகக் கிடக்க வேண்டும் என்பது ஈடு. ஓரெழுத்து வேறுபாடும் இல்லாத அதே ஈடுதான், ஆனால் இவற்றை மயங்கியவர் நிலத்தை இழப்பர்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் இன்வெஸ்ட்மெண்ட் என்பதன் வரலாறு சுவையானது. அதன் வேர் ஆடையைக் குறிக்கும் இலத்தீன் சொல். உடுத்துதல் என்பதே முதற்பொருள். பணம் சரக்கு என்னும் புதிய உடையைப் பூணுகிறது என்ற கருத்தில் இத்தாலிய வணிகர் அதனைக் கையாண்டனர். பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வாணிகக் கடிதங்கள் வழியாக அப்பொருள் ஆங்கிலத்தில் பரவியது. ஆண்டுதோறும் இங்கிலாந்துக்கு அனுப்புவதற்காக இங்கே வாங்கிய சரக்கையே அவர்கள் அப்பெயரால் அழைத்தனர். சோழமண்டலக் கரையில் அச்சரக்கு பெரிதும் துணியே. உடுத்துதல் என்று பிறந்த சொல் நம் தறிகளில் வந்து உண்மையாகவே துணியானது! அதற்கென நெசவாளர்க்கு முன்பணம் தரப்பட்டது. வாங்கியவர் நெய்து கொடுக்கக் கட்டுப்பட்டார். 1734-இல் சென்னையில் கம்பெனியார் அமைத்த சிந்தாதிரிப்பேட்டை அத்தகைய நெசவாளர் குடியிருப்பே. கம்பெனிக்கு அது முதலீடு. நெசவாளருக்கோ பெரும்பாலும் கடன்.

கோட்டையைச் சூழ்ந்து வளைப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல் வழங்கும். 1799-இல் சீரங்கப்பட்டணம் அவ்வாறு வளைக்கப்பட்டு வீழ்ந்தது.

கன்னடத்தில் முதலீட்டை ஹூடிகெ என்பர். ஹூடு என்றால் ஏர் பூட்டுதல். கன்னடத்தில் சொல்முதற் பகரம் ஹகரமாகத் திரிவதை நாம் அறிவோம்: பால் ஹாலு, புலி ஹுலி, பூ ஹூ. அவ்வாறே பழைய பூடு என்பது ஹூடு ஆயிற்று. நம் பூட்டு, பூண் என்பன அதன் உடன்பிறப்புகள். பூண் என்பதற்கு அணிதல் என்றும் பொருள் உண்டன்றோ? இலத்தீனின் ஆடையும் கன்னடத்தின் நுகத்தடியும் தமிழின் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. இது தற்செயலே, எனினும் நினைவில் நிறுத்த உதவும்.

பொருளியலார் இச்சொல்லை இன்னும் குறுக்கி ஆள்வர். கொள்ளேகாலம் பக்கம் பட்டுப்புழு வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. ஒருவர் புதிதாக மல்பெரித் தோட்டம் நட்டுக் கிணறு வெட்டினால் அது முதலீடு. பல ஆண்டுகள் இலை தரும் ஒன்று புதிதாக உண்டாயிற்று. முன்பே உள்ள தோட்டத்தை இன்னொருவரிடம் விலைக்கு வாங்கினால், வாங்கியவர் அதை முதலீடு என்று சொல்லலாம். நாட்டுக் கணக்கில் அது கைம்மாறியதே ஒழியப் புதிதாக ஒன்றும் சேரவில்லை.

இனி அந்தக் கன்னடத் தாளுக்கு வருவோம். அதில் டேவணி என்றிருந்தால் வைப்புத்தொகை. வங்கியில் அவ்வாறு வைத்த பணத்துக்கு 2020 முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அடமான என்றிருந்தால் அது நம் அடமானமே. நிலமோ நகையோ பிணையாகிறது. ஹூடிகெ என்றிருந்தால் ஆதாயமும் வரலாம், முதலும் போகலாம். அக்காப்பீடு அதற்கு இல்லை. தாளை நீட்டுபவர் வாயால் டேவணி என்று சொல்லி, எழுத்தில் ஹூடிகெ என்று இருக்குமானால், கையொப்பமிடும் முன் காரணம் கேட்க நமக்கு உரிமை உண்டு.