முதல் செலவு ஜிப்ஸிக்கா, ஜிகினாவுக்கா?

போன வருஷம் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், ஆபீஸில் எல்லாரும் ‘‘பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடு’’ என்றார்கள். நானோ 1998 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் வாங்கிவிட்டேன். நான் நாலாவது ஓனர்! ‘‘இது நம்ம வண்டியா, இல்லே யாரையாவது அரெஸ்ட் பண்ண வந்திருக்காங்களா?’’ என்றாள் மனைவி.

அன்று ராத்திரியே லிஸ்ட் போட்டேன். யானைக்கால் மாதிரி டயர், முன்னால் இரும்பு கார்டு, கூரையில் வரிசையாக எல்.இ.டி. விளக்கு, வின்ச்... பட்ஜெட் 60 ஆயிரம்.

அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறுக்கிட்டது. மச்சானை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்குள் இறங்கினேன். மேலே காய்ந்த மண், கீழே களி. பின் சக்கரங்கள் புதைந்தன. ‘‘பயப்படாதே மாப்ளே, இது ஃபோர் வீல் டிரைவ்!’’ என்று சின்ன லீவரைப் போட்டேன். பின் சக்கரம் சேற்றை வாரி மச்சான் சட்டையில் அடித்தது. முன் சக்கரமோ, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அசையவே இல்லை! கடைசியில் ஒரு டிராக்டர்காரர் 800 ரூபாய் வாங்கிக்கொண்டு கரையேற்றினார்.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் முன் சக்கரத்தின் நடுவில் இருந்த குமிழைத் தொட்டுக் காட்டினார்.

‘‘இதை லாக்குக்குத் திருகினீங்களா சார்?’’

‘‘அது டிசைன்னு நெனச்சேன்ணே...’’

‘‘முதல் அப்கிரேடு உங்களுக்குத்தான் பண்ணணும்!’’

லீவரைப் போட்டால் சக்தி முன் அச்சுக்குத்தான் போகும். ஹப்பை லாக் செய்தால்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். சேறு, மணல் தாண்டித் தார் ரோட்டுக்கு வந்ததும் லீவரைப் பழையபடி தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் திருப்பங்களில் முன்னச்சும் பின்னச்சும் மல்லுக்கு நின்று டயரையும் பல்சக்கரத்தையும் தேய்க்கும்.

பிறகு என் லிஸ்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் அவர் லிஸ்டை எழுதினார்.

முதலில் ஆயில். இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்-பின் டிஃபரன்ஷியல்கள் என ஐந்து இடம். முன் டிஃபரன்ஷியலைத் திறந்தால் பால் காபி கொட்டியது! ஆயிலில் தண்ணீர் கலந்தால் அந்த நிறம்தான். அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் காலி.

அடுத்தது பிரேக். இங்கேதான் எனக்கு வேர்த்துவிட்டது. ரப்பர் ஹோஸில் வெடிப்பு. பின் சக்கர சிலிண்டரில் கசிவு. அடுத்த வாரம் மனைவி, மகளோடு கொல்லிமலை போவதாக இருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகள்!

மூன்றாவது டயர். ‘‘பட்டன் நல்லா இருக்கேண்ணே’’ என்றேன். பக்கவாட்டில் இருந்த 2314 என்ற எண்ணைக் காட்டினார். 2014-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். உற்றுப் பார்த்தால் ஓரமெல்லாம் மயிரிழை வெடிப்புகள். ஸ்டெப்னியோடு ஐந்தும் மாற்றினோம், அதே 205/70 சைஸில். ஆசைப்பட்டபடி 235/75 போட்டிருந்தால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் 66-ஐத் தொட்டிருக்கும். இழுவை குறையும், பிரேக்குக்கும் பாரம் கூடும்.

இரும்பு கார்டு? ‘‘குறுக்கே வர்றவன் காலை உடைக்கவா சார்?’’ என்றார். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதற்குத் தடை சொல்லிவிட்டது. ஆர்.சி. விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

விளக்கு வரிசைக்குப் பதில் ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்துப் புது வயரிங். அதே பல்பு இப்போது பளிச்! வின்ச்சுக்குப் பதில் இழுவைக் கயிறு, ஷேக்கிள், மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கனமான பலகை, பேட்டரியில் ஓடும் காற்று பம்ப். மணலில் டயர் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து பிடிக்கும். ரோடு ஏறுமுன் திரும்ப நிரப்பியாக வேண்டும். அதற்குத்தான் பம்ப்.

60 ஆயிரமும் கரைந்தது. கொல்லிமலையிலிருந்து செகண்ட் கியரில் இறங்கும்போது, பின் சீட்டில் மகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பக்கத்து சீட்டு நண்பர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ‘‘இவ்வளவு செலவு பண்ணியும் வண்டி அப்படியேதானே இருக்கு?’’

‘‘ஆமா சார்... நாங்க மூணு பேரும்கூட அப்படியேதான் இருக்கோம்!’’ என்றேன்.