தேவதைக் கதைகளைக் கேலி செய்யும் கதைகள்

தேவதைக் கதைகளுக்கெனச் சில வழமைகள் உண்டு. டிராகன் இளவரசியைக் கவர்ந்து செல்லும். இளவரசன் போரிட்டு மீட்பான். இறுதியில் திருமணம் நிகழும். இவ்வழமைகளைத் தலைகீழாக்கி நகைப்பூட்டும் ஆக்கத்தைப் பகடி என்பர்.

கனடிய எழுத்தாளர் ரொபேட் மன்ச் எழுதி 1980 இல் வெளிவந்த 'கடதாசிப் பை இளவரசி' இதற்கு நல்ல உதாரணமாகும். இங்கு டிராகன் தூக்கிச் செல்வது இளவரசன் ரொனால்டை. அதன் தீயில் உடைகளை இழந்த இளவரசி எலிசபெத், கடதாசிப் பையொன்றை அணிந்து அவனைத் தேடிச் செல்கிறாள். அவளிடம் வாள் இல்லை. டிராகனைப் புகழ்ந்து புகழ்ந்தே அதன் தீ முழுவதையும் கக்க வைக்கிறாள்; உலகை இருமுறை சுற்றிப் பறக்க வைக்கிறாள். அது களைத்துத் தூங்கிவிடுகிறது. மீட்கப்பட்ட இளவரசனோ நன்றி கூறாது, அவளது கோலத்தைக் குறை கூறுகிறான். திருமணம் நடைபெறவில்லை!

நாம் சிரிப்பது பை அணிந்த எலிசபெத்தைப் பார்த்தல்ல. பெண்ணை உடையால் அளக்கும் ரொனால்டின் மனப்பாங்கைப் பார்த்தே. 'இளவரசி என்றால் இப்படித்தான்' என நம்பியிருந்த எம்மையும் அச்சிரிப்புத் தொடுகிறது.

எனவே மாணவர்களே, விடையில் 'நகைச்சுவையாக உள்ளது' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எவ்வழமை மாற்றப்பட்டது, எவ்வாறு மாற்றப்பட்டது, சிரிப்பு யார்மீது விழுகிறது ஆகிய மூன்றையும் குறிப்பிடுங்கள்.