ஒரு கையில் குழந்தை, மறு கையில் வண்டி

மேட்டூர், கொளத்தூர், பென்னாகரம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் குழந்தையின் முதல் முடி மாதேஸ்வரன் மலைக்கு உரியது. பணி மாறுதலில் நாங்கள் மைசூரு வந்து சேர்ந்திருந்தாலும், எங்கள் மாமியாரின் பிறந்த ஊர் மேட்டூரை அடுத்தது. ஆதலால் இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம் நிறைந்ததும் மலைக்குச் செல்லும் நாளை அவரே குறித்துவிட்டார். முதல் குழந்தைக்கும் இரண்டாவதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். மூத்தவனை இடுப்பிலும் தோளிலும் சுமந்தே வளர்த்தோம். அன்று தள்ளுவண்டி என்ற எண்ணமே எழவில்லை. இம்முறை நிலைமை வேறு. குழந்தையின் தாய்க்கு அறுவைச் சிகிச்சை மூலம் மகப்பேறு. பாட்டிக்கு முழங்கால் வலி. எங்களுக்கோ நாற்பதைக் கடந்த முதுகு. எனவே ஒரு வண்டி வாங்கினோம். பார்வைக்கு அழகானது, மெத்தை தடித்தது, சக்கரங்கள் பெரியவை, எடை பதினொரு கிலோவுக்குச் சற்று மேல்.

மைசூருவிலிருந்து மாதேஸ்வரன் மலை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். முன்பு மைசூரு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. கொள்ளேகால், ஹனூர் வழியாகச் சாலை காட்டுக்குள் நுழைந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. நாங்கள் பேருந்தில் சென்றோம். கொள்ளேகாலில் இறங்கி வேறு பேருந்து மாற வேண்டியிருந்தது. அங்கேதான் அழகான வண்டியின் உண்மையான இயல்பு வெளிப்பட்டது. அதை மடக்க இரண்டு கைகளும் ஒரு காலும் தேவை. அதற்கு முன் அடிக்கூடையில் திணித்திருந்த பால்புட்டி, துணிமணி, வெந்நீர்க் குடுவை அனைத்தையும் வெளியே எடுக்க வேண்டும். ஏற வேண்டிய பேருந்து புறப்படும் ஒலி எழுப்புகிறது, பின்னால் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், குழந்தை அழுகிறது. மாமியார் சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, புள்ளைய நான் தூக்கிக்கிறேன், நீங்க வண்டியத் தூக்கிட்டு வாங்க" என்றார். முழங்கால் வலியுள்ளவருக்காக வாங்கிய வண்டி, கடைசியில் அவர் இடுப்பிலேயே குழந்தையை ஏற்றிவிட்டது.

இந்த இடர்ப்பாடு புதிதன்று. இங்கிலாந்தில் ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியாளர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் பணியாற்றியவர். பணி ஓய்வுக்குப் பின், வெளிநாட்டிலிருந்து பேரக்குழந்தையுடன் வந்த மகள் கனமான வண்டியோடு படும் பாட்டைக் கண்டார். விமானச் சக்கரத்தை மடக்கி உள்ளிழுக்கும் அதே அறிவைக் கொண்டு, அலுமினியக் குழாய்களால் குடை போல மடங்கும் ஒரு வண்டியை வடிவமைத்தார். 1965இல் காப்புரிமை கோரிய அவ்வண்டியின் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. இன்று நம் கடைகளில் 'குடை மடிப்பு' என்று விற்கும் வண்டிகள் யாவும் அந்தத் தாத்தாவின் வழிவந்தவை. குழந்தைக்கு எது வசதி என்று மட்டும் அவர் கேட்கவில்லை; வண்டியைத் தூக்குபவருக்கு எது வசதி என்றும் கேட்டார்.

நம் நகரங்களில் அந்த இரண்டாவது கேள்வியே முதலில் நிற்க வேண்டும் என்பது எங்கள் துணிபு. ஐரோப்பிய நகரத்துத் தாய் வண்டியைப் பெரும்பாலும் தள்ளிக்கொண்டே செல்கிறாள். நாமோ பாதி நேரம் அதைத் தூக்கிச் செல்கிறோம். நடைபாதை திடீரென்று முடிந்து சாக்கடை மூடியில் இறங்கும். அடுக்ககத்தின் மின்தூக்கி பழுதாகியிருக்கும். ஆட்டோவில் கால் வைக்கும் இடமே வண்டிக்கும் இடம். சாதாரணப் பேருந்தின் படிகளோ முழங்கால் உயரம். மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி உண்டு. சென்னையில் 2024 முதல் மீண்டும் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியுள்ளன. ஆயினும் வீட்டு வாசலிலிருந்து அந்த நிலையம் வரையிலான தொலைவை நம் கைகளே கடக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கடைக்குச் செல்லும்போது குழந்தையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். குழந்தையை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் வண்டியை மடக்கிப் பாருங்கள். பிறகு விரித்தும் பாருங்கள். விற்பனையாளர் செய்து காட்டினால் எல்லா வண்டியும் எளிதாகத்தான் மடங்கும். வீட்டில் யார் மிகுதியாகப் பயன்படுத்துவாரோ அவரே செய்து பார்க்க வேண்டும். அடுத்து, மடக்கிய வண்டியைத் தோளில் மாட்டியோ கையில் பிடித்தோ ஒரு மாடி ஏறி இறங்குங்கள். ஆறு, ஏழு கிலோவுக்குள் இருந்தால் பெரும்பாலோரால் தாங்க முடியும். ஒன்பதைத் தாண்டினால் ஒரே வாரத்தில் அது பரணுக்குப் போய்விடும். மடக்கிய பின் தானே நிற்கும் வண்டி, சாய்த்து வைக்கச் சுவர் தேடும் வண்டியை விட மேலானது. பேருந்து நிலையத்தின் ஈரத் தரையில் அதைப் படுக்க வைத்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

விமானப் பயணம் செய்வோர்க்கு ஒரு குறிப்பு. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் கைப்பைக்கு வழிகாட்டும் அளவு 56, 45, 25 சென்டிமீட்டர். மடக்கினால் இந்த அளவுக்குள் அடங்கும் வண்டிகள் இப்போது பல கிடைக்கின்றன. இருப்பினும் உள்ளே அனுமதிப்பது அந்தந்த விமான நிறுவனத்தின் முடிவு; பயணச்சீட்டு வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நலம்.

இனி மலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முடி காணிக்கை முடிந்து, தங்கும் விடுதியின் முற்றத்தில் நின்றிருந்தோம். அமாவாசை நெருங்கிய நாள், கூட்டம் மிகுதி. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை வண்டியில் உறங்கிக்கொண்டிருந்தது. முற்றம் பார்வைக்குச் சமதளம் போலத் தோன்றினாலும், மலையில் எந்தத் தரையும் முழுச் சமதளம் அன்று. அவ்வண்டியின் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி நிறுத்துக்கட்டை. ஒன்றை அழுத்தினோம், மற்றதை அழுத்தியதாக எண்ணிக்கொண்டோம். பணப்பையை எடுக்கத் திரும்பிய நொடியில் வண்டி நகர்ந்தது. ஒரு சக்கரம் பூட்டியிருந்ததால் நேராக ஓடாமல், அரைவட்டமாகத் திரும்பிச் சரிவை நோக்கி இறங்கியது. கீழே பூ விற்றுக்கொண்டிருந்த அம்மையார் எழுந்துகூட நிற்கவில்லை. காலை நீட்டித் தடுத்துவிட்டார். வண்டி அவர் கூடையில் இடித்து நின்றது. குழந்தை விழிக்கவில்லை. ஐந்து இடத்தில் பூட்டும் இடைவார் மாட்டியிருந்ததால் அது முன்னால் சரியவும் இல்லை. சிந்திய பூவுக்குப் பணம் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்தார். அன்று இரவு நாங்கள் யாரும் சரியாக உறங்கவில்லை.

அதன் பிறகே நிறுத்துக்கட்டை பற்றிப் படித்தோம். ஒரே மிதியில் இரு பின்சக்கரங்களும் பூட்டிக்கொள்ளும் அமைப்பு பல வண்டிகளில் உள்ளது. விலை வேறுபாடும் பெரிதன்று. கடையில் அதை மிதித்துப் பூட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். செருப்புக் காலால் மிதித்து விடுவிக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள்; கால் விரல் நுனியால் மேலே நெம்ப வேண்டிய கட்டைகள் நம் ஊர்ச் செருப்புகளுக்கு ஏற்றவை அல்ல. இடைவார் ஐந்து முனை கொண்டதாக இருக்கட்டும்: இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு இடையே ஒன்று. கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். எடை குறைந்த வண்டி அந்தப் பையின் பாரத்தில் பின்னால் குப்புறக் கவிழும். அதுவும் குழந்தையை நாம் வெளியே எடுக்கும் அந்தக் கணத்தில்தான் கவிழும்.

மடக்கும் கீல்களும் கவனத்திற்குரியவை. 2009 நவம்பரில் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனமே ஏறத்தாழ பத்து இலட்சம் வண்டிகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பை வெளியிட்டது. விரிக்கும்போது கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டான பன்னிரண்டு நிகழ்வுகள் அப்போது பதிவாகியிருந்தன. கீல்களுக்கு உறை உள்ளதா என்று பார்ப்பதோடு, விரிக்கும்போது மூத்த குழந்தையைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்வதும் நல்லது. நாம் விரிப்பதைக் கண்டதும் ஆவலாய் ஓடிவந்து கை வைப்பவர்கள் அவர்களே.

வயதுக்கேற்ற சாய்மானம் இன்னொன்று. கழுத்து நிற்காத குழந்தையை நிமிர்ந்த இருக்கையில் உட்கார வைத்தால் தலை மார்பில் கவிழ்ந்து மூச்சுப் பாதை நெருக்குண்ணக்கூடும். பிறந்தது முதல் பயன்படுத்தலாம் என்று சொல்லப்படும் வண்டிக்கு, ஐரோப்பியத் தர விதியான இஎன் 1888, இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் இடையே குறைந்தது 150 பாகை விரிவைக் கேட்கிறது. எடை குறைந்த வண்டிகள் பல அந்த அளவுக்குச் சாய்வதில்லை. அவை ஆறு மாதத்துக்குப் பிறகே பொருந்தும். பெட்டியின் மேல் இந்தத் தர எண் உள்ளதா என்று தேடுங்கள். 'பிறந்தது முதல்' என்ற விளம்பர வரியை மட்டும் நம்ப வேண்டாம். கழுத்து நிற்கும் வரை துணித் தூளியில் மார்போடு அணைத்துச் செல்வதே நகரப் பயணத்துக்கு எளிது. குழந்தையின் முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும், தாடை மார்பில் படியக் கூடாது, குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும்.

வெயிலுக்குப் பயந்து வண்டி மேல் சேலையோ துண்டோ போர்த்தும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஸ்வீடன் நாட்டு நாளிதழ் ஒன்று 2014இல் செய்து பார்த்த சோதனையில், மூடாதபோது 22 பாகையாக இருந்த வண்டியின் உட்புறம், மெல்லிய துணி போர்த்திய அரை மணி நேரத்தில் 34 பாகைக்கு ஏறியது. குளிர்நாட்டிலேயே இப்படி என்றால் சேலத்துச் சித்திரையை நினைத்துப் பாருங்கள். நன்கு நீளும் மேற்கூரையும், பின்புறம் காற்றுப் போகும் வலையும் உள்ள வண்டியே நமக்குத் தேவை; தடித்த மெத்தை தேவையே இல்லை. வாகனப் புகையும் தாழ்வான இருக்கையையே முதலில் தாக்குகிறது. வண்டியில் செல்லும் குழந்தைகள் பெரியவர்களை விட 60 விழுக்காடு வரை கூடுதல் மாசை எதிர்கொள்ள நேரலாம் என்று சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் குறிப்பிட்டனர். ஒரே எடையில் இரண்டு வண்டி இருந்தால் இருக்கை உயரமானதை எடுங்கள். சிக்னலில் நிற்கும்போது பேருந்தின் பின்னால் நிற்காமல் இரண்டடி விலகி நில்லுங்கள்.

சிறு சக்கரம் பள்ளத்தில் சிக்கும் என்பது உண்மையே. எடைக்காக நாம் செய்துகொள்ளும் சமரசம் அது. மேடு ஏறும்போது கைப்பிடியைச் சற்று அழுத்தி முன்சக்கரங்களைத் தூக்கி வைக்கவும். கல் பெயர்ந்த இடத்தில் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி இழுக்கவும். ஒரு நாளில் பழகிவிடும்.

விலையைப் பற்றியும் இரண்டு சொல். எங்கள் முதல் வண்டியைத் தவணையில்தான் வாங்கினோம். வங்கியில் பணிபுரிந்தும் 'வட்டியில்லாத் தவணை' என்ற பலகையின் முன் மயங்கினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். சுழிய விழுக்காட்டு வட்டி என்று ஒன்று இல்லை. அந்த வட்டி செயலாக்கக் கட்டணம் முதலான வடிவில் மறைந்திருக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியுள்ளது. கட்டணத்தையும், முழுத் தொகை கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பின் கையெழுத்திடுங்கள். குழந்தை இரண்டு, மூன்று ஆண்டுகள் மட்டுமே பயன்படுத்தும் பொருள் இது. உறவினர் வீட்டில் சும்மா கிடக்கும் வண்டியும் போதும். ஆனால் நிறுத்துக்கட்டை, இடைவார், கீல் மூன்றையும் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

பெரிய வண்டியை மாடி வீட்டுத் தம்பதியருக்குக் கொடுத்துவிட்டோம். அவர்களிடம் மகிழுந்து உண்டு. இப்போது எங்களிடம் இருப்பது ஆறு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மைசூரு விலங்குக் காட்சிச்சாலைக்கு அதைக் கொண்டு செல்கிறோம். 1892இல் தொடங்கப்பட்ட அத்தோட்டத்தின் அகன்ற பாதைகளில் அது ஓசையின்றி ஓடுகிறது, பாட்டியும் அதன் கைப்பிடியை ஊன்றி நடக்கிறார். தேவராஜ மார்க்கெட்டுக்குள் அதை எடுத்துச் செல்வதில்லை. அங்கே குழந்தை இடுப்பில்தான். வரும் சிவராத்திரிக்குப் பின் மீண்டும் மலைக்குப் போவதாக மாமியார் சொல்லியிருக்கிறார். வண்டி விடுதி அறையோடு நிற்கும்; கோயிலுக்குத் தூளி. பூக்கார அம்மையாருக்கு ஒரு புதுக்கூடை வாங்கி வைத்திருக்கிறோம்.