வளவுக்குள் ஒரு மாக் இன்டர்வியூ

கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டு வளவுக்குள் எட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. பரபரப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை! ஆத்தங்குடித் தரையில் மூன்று நாற்காலி. எம்.எஸ்ஸி. சைக்காலஜி நேர்முகத் தேர்வுக்குப் போகும் பெண்ணுக்கு ஒத்திகை. பேனலில் அம்மான், சென்னையில் கவுன்சலராக இருக்கும் ஆச்சி, யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்த அப்பத்தா.

தேக்குத் தூண் முழுக்க மஞ்சள் சீட்டுகள். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் உளவியல் துறை, 1916. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் போவாஸ் அந்தத் துறையைத் தொடங்கியது, 1943. இதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

“ஏன் சைக்காலஜி?”

“மக்களுக்கு உதவணும்னு ஆசை.”

“வெளியே காத்திருக்கிற அத்தனை பேரும் அதைத்தான் சொல்வாங்க. உன்னை எது யோசிக்க வச்சுச்சு, அதைச் சொல்லு” என்றார் ஆச்சி.

“அழகப்பச் செட்டியார் பிறந்த ஊருன்னு ஆரம்பி” என்று அம்மான் எடுத்துக்கொடுத்தார். அவளோ ரோஜா முத்தையாவைப் பிடித்தாள். என்ன அழகான பிடி! இதே ஊரில் புத்தகங்களோடு நிற்காமல் அழைப்பிதழ், நோட்டீஸ் என்று சேர்த்த மனிதர். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, இன்று அது சென்னையில் நூலகம். “ஒருத்தர் குப்பைன்னு எறியறதை இன்னொருத்தர் ஏன் பொக்கிஷமா வச்சுக்கிறார்? எனக்கு அது தெரியணும்.”

ஆச்சி விடவில்லை. “சேகரிக்கிறவங்க சந்தோஷமா இருக்காங்கன்னு ஒரு ஆய்வுல வருது. சேகரிச்சதாலதான் சந்தோஷமா?”

“சொல்ல முடியாது. சந்தோஷமா இருக்கிறவங்களே சேகரிக்கலாம். வசதி இருக்கிறதால ரெண்டும் வந்திருக்கலாம்.”

எனக்குக் கை தட்டத் தோன்றியது. புள்ளியியல் தாளில் தொடர்பும் காரணமும் வேறு என்று எழுதுவது சுலபம். கேட்ட நொடியில் தன் ஊர்க் கதையிலேயே அதைக் காட்டுவதுதான் கெட்டித்தனம்.

அடுத்து அப்பத்தா. “ஏன் ஆத்தா, பேய் புடிச்சிருக்குன்னு ஒரு புள்ளையக் கூட்டியாந்தா என்ன செய்வே?”

“டிஸோஸியேட்டிவ்...”

“எனக்கு வெளங்கல.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “பேய் இல்லைன்னு சண்டை போட மாட்டேன் அப்பத்தா. எத்தனை நாளா தூங்கலை, சாப்பிடுதா, வீட்ல என்ன நடந்துச்சுன்னு அந்தப் புள்ளைகிட்டயே கேப்பேன். டாக்டர்கிட்டயும் அனுப்புவேன்.”

“கட்டிப்போடச் சொன்னா?”

அங்கே அவள் குரல் உயர்ந்தது. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றித் தீயில் சிக்கினார்கள்; இறந்தவர்கள் 28 பேர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. மனப்பாடத்தில் இந்தச் சூடு வராது. இவளை எந்தப் பேனல் வேண்டாம் என்று சொல்லும்?

கடைசியில், “உனக்கு ஏதாவது கேக்கணுமா?” என்ற கேள்வி வந்தது. “ஒண்ணுமில்லை” என்று எழுந்துவிடுவது பலருடைய வழக்கம். இவள் தாளைப் பிரித்தாள். எம்.எஸ்ஸி. மட்டும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக்கிவிடாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும் என்பதை விசாரித்து வைத்திருக்கிறாள்.

“முதல் செமஸ்டர்லயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்களா? அங்க எங்களை மேற்பார்வை பண்றது யாரு?”

“இதை நல்லாச் சத்தமாக் கேளு” என்றார் அப்பத்தா.