உன்னைப்போல் ஒருவன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஜெயகாந்தன் (1934–2015), சென்னையில் அச்சகத் தொழிலாளி முதலாகப் பல வேலைகள் செய்தவர். அந்நாளில் தாம் பழகிய குடிசைப்பகுதி மக்களையே கதைமாந்தர் ஆக்கினார்.

'உன்னைப்போல் ஒருவன்' கதையின் நாயகன் சிட்டி என்னும் சிறுவன். அவன் தாய் தங்கம், கூலிவேலை செய்து மகனை வளர்க்கிறாள். கிளி சோதிடன் மாணிக்கத்தை அவள் துணையாக ஏற்றபோது, சிட்டியின் மனம் கொதிக்கிறது. வறுமைக்குப் பழகிய அவனுக்கு இது பழகவில்லை. பின்னர்க் குழந்தை பெற்றுத் தாய் இறக்கிறாள். தான் வெறுத்த அக்குழந்தையைச் சிட்டியே ஏந்துகிறான்.

சிட்டி பேசுவது சென்னைப் பேச்சுத்தமிழ். மைசூருவில் வளரும் உங்களுக்குச் சில சொற்கள் புதியனவாகத் தோன்றலாம். உரக்கப் படித்தால் விளங்கிவிடும். தலைப்பில் உள்ள 'உன்னை' என்னும் சொல், படிப்பவரையே சுட்டுகிறது எனலாம்.

1965-இல் ஜெயகாந்தனே இக்கதையைத் திரைப்படமாக இயக்கினார். அது தேசிய விருது பெற்றது.