பட்டமும் பணித்திறனும்

நேர்முகத் தேர்வில், "இறுதியாண்டில் நீங்கள் உருவாக்கிய செயல்திட்டத்தை விளக்குங்கள்" என்று கேட்டதும் தலைகுனியும் பொறியியல் மாணவர் பலர். அவர்களுள் பாடம் அறியாதார் சிலரே. அறிந்ததை எடுத்துரைக்கப் பழகாதாரே மிகுதி. கற்றதைப் பயன்படுத்துதல், பிறருடன் இணைந்து செயலாற்றுதல், பழுதின் காரணம் தேடுதல், கண்டதைத் தெளிவாகச் சொல்லுதல் ஆகியவற்றின் தொகுப்பே பணித்திறன்.

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகத் தொடங்கிய 1984ஆம் ஆண்டிலேயே திண்டுக்கல்லில் பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரி தோன்றியது. நிலக்கோட்டையின் பூ விவசாயி, வேடசந்தூரின் நூலாலைத் தொழிலாளி, ஒட்டன்சத்திரத்துச் சந்தையில் மூட்டை சுமப்பவர் ஆகியோரின் பிள்ளைகளும் பொறியியல் கற்கும் காலம் இது. முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீட்டில், நேர்முகத் தேர்வு எப்படி இருக்கும் என்று சொல்லித்தர எவருமிலர். கல்விக்கடனோ தவணை கேட்கும். ஆதலின், பணித்திறனைக் கற்பிக்கும் பொறுப்பு கல்லூரியையே சாரும்.

இதற்கான பயிற்சிக்களம் தொலைவில் இல்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்வோம். அதனுள் லீவர் எனப்படும் மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு தகட்டைக் குறித்த உயரத்திற்குத் தூக்க வேண்டும். எல்லாத் தகடுகளின் பிளவுகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால்தான் தாழ் நகரும். ஒரு தகடு சற்றே உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் பூட்டு திறவாது. இந்த நுட்பத்தைக் கைவினைஞர் அரத்தாலும் விரல் நுனியாலும் அறிவார். வரைபடம் அவருக்குத் தேவைப்படுவதில்லை.

இயந்திரவியல் மாணவர் நால்வர் அப்பட்டறைக்குச் செல்வதாகக் கொள்வோம். ஒருவர் வெர்னியர் அளவியால் தகடுகளை அளக்கிறார், ஒருவர் வரைபடமாக்குகிறார், ஒருவர் எவ்வளவு பிழைவரை பூட்டு பொறுக்கும் என்று கேட்டறிகிறார், நான்காமவர் செலவைக் கணக்கிடுகிறார். அலிகார் நகரின் இயந்திரப் பூட்டுகளோடு விலையில் போட்டியிட முடியாமல் இத்தொழில் நலிந்தது ஏன் என்ற வினா அங்கு எழாமலிராது. மூத்த தொழிலாளியிடம் பணிவுடன் கேட்கவும், அவர் பேச்சை அறிக்கையாக எழுதவும் அங்கே கற்றுக்கொள்ளலாம். எந்த வகுப்பறையும் இதனை இவ்வளவு எளிதில் தந்துவிடாது.

ஆங்கிலப் பேச்சே பணித்திறன் என்று கருதுவோர் உளர். பன்னாட்டு நிறுவனங்களில் பணியாற்ற ஆங்கிலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தமிழில் தெளிவாக விளக்க இயலாத ஒன்றை ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பிப்பதால் பயனென்ன? பூட்டின் இயக்கத்தை முதலில் தாய்மொழியில் நண்பருக்கு விளக்கி, பின்னர் அதனையே சிறிய ஆங்கிலத் தொடர்களில் சொல்லிப் பழகலாம். கருத்து தெளிந்தபின் சொல்லைத் தேடுவது எளிது.

2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்க்குத் திறன் பயிற்சிகளை அளிக்கிறது. பட்டம் பெற்றபின் உதவித்தொகையுடன் தொழிற்பழகுநராகச் சேரவும் வழியுண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், 1973இல் செய்யப்பட்ட திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பயிற்சிக் காலத்தில் பழுதான ஓர் இயந்திரத்தின் அருகில் நின்று, அது எப்போது நின்றது, அதற்கு முன் என்ன ஒலி எழுந்தது, எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்று நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதிவந்தவருக்கு, அடுத்த நேர்முகத் தேர்வில் சொல்வதற்குச் செய்தி நிறைய இருக்கும்.